விமான நிலையக் கடையில் பவர் பேங்க் வாங்காதீர்கள், எனக்கு 4,200 ரூபாய் போச்சு

நேற்று சென்னை உள்நாட்டு முனையத்தில், பாதுகாப்புச் சோதனையில், என் புது பவர் பேங்கை வாங்கி ஓரமாக இருந்த பெட்டியில் போட்டுவிட்டார்கள். அதை வாங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. நம்ம காசுக்கு 4,200 ரூபாய். வயிறு எரிகிறது. விற்றவன் மேல் இருக்கிற ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்கிழக்காசியாவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிப் போய்விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அங்கே சுவரில் இருப்பதெல்லாம் மூன்று பட்டைக்கால் பிளக் இறங்குகிற சாக்கெட். சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லா இடத்திலும் அதுதான், நம்ம ஊர் உருண்டைக்கால் சார்ஜர் ஒழுங்காக உட்காராது. தம்பி அடாப்டர் கொடுத்துத்தான் அனுப்பினான். ஆனால் திரும்பும்போது அந்த ஊர் விமான நிலையத்தில், கேட் பக்கத்து இருக்கைகளுக்கு அடியில் இருந்த சாக்கெட் ஒன்றிலும் கரண்ட் இல்லை. ஒன்றில் பிளக் நிற்கவே இல்லை, செருகச் செருகச் சரிந்து விழுந்தது. தூணோரம், தரை துடைக்கிற மெஷினுக்கு வைத்திருந்த சாக்கெட்டில் வேலை செய்தது. அதைச் சுற்றி ஏற்கெனவே ஒரு கூட்டம் தரையில் உட்கார்ந்திருந்தது. என் போனில் 9 சதவீதம். இரண்டு பேருடைய போர்டிங் பாஸும் அதில். சென்னையில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்த விவரமும் அதில். இத்தனை பெரிய விமான நிலையத்தில் பயணிகளுக்கு வேலை செய்கிற நாலு சாக்கெட் வைக்க மாட்டார்களா?

வேறு வழியில்லாமல் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன், சோதனையெல்லாம் முடிந்து உள்ளே வந்த பிறகு இருக்கும் கடை அது. உள்ளே போனதும் பையன் என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே பேசினான். "ஊருக்குப் போறீங்களாக்கா? அம்மா உட்காரட்டும்." ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான். அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அந்நிய ஊரில், அவசரத்தில், நம்ம பாஷை பேசுகிற பிள்ளை அம்மாவை உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் வராது? 30,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று கொட்டை எழுத்தில் போட்ட பவர் பேங்க்கை எடுத்துக் காட்டினான். பிளைட்டில் கொண்டுபோகலாமா என்று வாய்விட்டுக் கேட்டேன். "தாராளமா கொண்டு போகலாம்கா. ஏர்போர்ட்டுக்குள்ள விக்கிறோம், கொண்டுபோக முடியாததையா விப்போம்?" என்றான். என் போனைச் செருகிச் சார்ஜ் ஏறுவதையும் காட்டினான். கார்டைத் தேய்த்தேன். 4,200 ரூபாய்.

சென்னையில் இறங்கி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் சோதனை. டிரேயில் இருந்த பவர் பேங்க்கைக் காவலர் தனியாக எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ் விளிம்பில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். அதற்கு அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது: 3.7 வோல்ட், 111 வாட் ஹவர். சரியாக அந்த வரி மேலேயே சீட்டு! வாட் ஹவர் என்பது பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு. 100 வாட் ஹவர் வரைதான் கேள்வி கேட்காமல் விடுவார்கள். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கக் கவுண்டருக்குத் திரும்பி ஓட எனக்கு நேரம் இல்லை, அம்மாவைச் சக்கர நாற்காலியில் அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். காவலரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் விதியைத்தான் பார்த்தார்.

வீடு வந்ததும் பில்லில் இருந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை. மறுபடி எழுதினேன். "விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." சீட்டு எதை மறைத்திருந்தது என்று கேட்டேன். "உங்கள் நாட்டு விதிக்கு நாங்கள் பொறுப்பில்லை." இது எங்கள் நாட்டு விதி மட்டும் இல்லையே, உலகம் முழுக்க விமானங்களில் இதுதானே அளவு என்றேன். அதற்கு, பொருளையும் பெட்டியையும் நேரில் கொண்டு வந்தால் பார்க்கலாமாம். பொருள் சென்னையில் பெட்டிக்குள் கிடக்கிறது, கடை கடல் தாண்டி, அதுவும் டிக்கெட் இல்லாமல் நுழைய முடியாத இடத்தில் இருக்கிறது! அந்த விமான நிலையத்துக்கு மெயில் போட்டால், கடை வாடகைக்கு இருப்பது, கடையிடமே பேசுங்கள் என்று பதில். வங்கியில் கேட்டால், பணம் கட்டினீர்கள், பொருளும் கைக்கு வந்துவிட்டது, இதில் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்கிறார்கள். 4,200 ரூபாய்க்கு ஆளாளுக்குப் பந்தை உதைத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு மாத மருந்துச் செலவு அது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு நிலையில் இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எம்ஏஎச் எண்ணை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், வாட் ஹவர் வரும். 20,000 என்றால் 74, பிரச்சனை இல்லை. 27,000 தாண்டினால் நூறு தாண்டிவிடும். அந்த வாட் ஹவர் எண் பவர் பேங்க் உடம்பிலேயே அச்சாகி இருக்க வேண்டும், எந்தச் சீட்டு ஒட்டியிருந்தாலும் கடையிலேயே கிழிக்கச் சொல்லுங்கள். கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மாதிரி சிலர் 2025 ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் பவர் பேங்க்கால் சார்ஜ் போடவே விடுவதில்லை, அதனால் விமானம் ஏறும் முன்பே போனில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸைக் காகிதத்திலும் எடுத்து வையுங்கள். அடாப்டரை இங்கேயே வாங்கிப் போங்கள். எந்தக் கடை என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள், புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.