ட்ரோலிங் மோட்டாரை எதில் உட்கார வைப்பது: கிளாம்ப்பா, நேர் போல்ட்டா, கழற்றுத் தட்டா?

படகு வாங்கிய புதிதில் எனக்கு ட்ரோலிங் மோட்டாரை, அதாவது மீன்பிடிக்கும்போது படகை மெல்ல நகர்த்தும் சின்ன மின்மோட்டாரைப் பற்றித்தான் கவலை. எத்தனை பவுண்ட் தள்ளுவிசை, 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று மாதக்கணக்கில் குழம்பினேன். அதை எதன் மேல் எப்படிப் பொருத்துவது என்று யோசிக்க அரை மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அதற்கு அபராதமாக ஒரு சீசன் முழுக்கப் போனது. மூன்று விதமாகவும் மாட்டிப் பார்த்துவிட்டு இப்போது கழற்றுத் தட்டில் வந்து நிற்கிறேன். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாயும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளாம்ப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்பலகையில் மாட்டி இரண்டு திருகைக் கையால் இறுக்கினால் வேலை முடிந்தது. சின்னப் படகு, அமைதியான தண்ணீர், அவ்வப்போது மட்டும் மீன்பிடிப்பு என்றால் இதுவே போதும். அதிர்வில் திருகு தளரும், அதனால் மோட்டாரையும் படகையும் ஒரு கயிற்றால் கட்டிவைப்பது கட்டாயம். ஆனால் பின்னாலிருந்து தள்ளும் மோட்டார், காற்றடிக்கும்போது படகின் முன்பக்கத்தை அடக்காது. முன்னாலிருந்து இழுக்கும் மோட்டார்தான் படகைச் சொன்ன இடத்தில் நிறுத்தும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு மாறினேன்.

அணியத்துக்கு வந்தபின் உண்மையான போட்டி இரண்டுக்குள்தான். மோட்டாரின் அடிச்சட்டத்தை நேராகத் தளத்தில் போல்ட் போட்டு நிரந்தரமாக இறுக்கலாம். அல்லது தளத்தில் ஒரு தட்டை இறுக்கி, மோட்டாரின் அடியில் இன்னொரு தட்டை மாட்டி, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஒரு பின்னால் (pin) பூட்டலாம்; இதுதான் கழற்றுத் தட்டு.

நேர் போல்ட் ஆசாமிகளின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. நடுவில் இன்னொரு பொருள் இல்லை, ஆட்டம் இல்லை, செலவும் இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் படகு அலுமினியம். முன்தளத்தின் அடியில் கை நுழைய வழியில்லாததால், நான்கு போல்ட்டில் இரண்டுக்கு ரிவெட் நட் அடித்தேன். அது ஓட்டைக்குள் போய்ப் பிதுங்கி, தகட்டைப் பிடித்துக்கொள்ளும் சின்ன மரை. அன்றைக்கு மோட்டார் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சீசன் பாதியில் மோட்டாரைத் திருப்பும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம். இறுக்கலாம் என்று ஸ்பேனரைப் போட்டால் போல்ட் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. இறுகவும் இல்லை, கழறவும் இல்லை. உள்ளே ரிவெட் நட்டே ஓட்டையில் தளர்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுழல்கிறது. கடைசியில் போல்ட் தலையை அறுத்துத்தான் மோட்டாரை எடுத்தேன். கீழே பார்த்தால் வட்டமாக அடித்த ஓட்டை முட்டை வடிவத்துக்கு மாறியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். மோட்டார் இறங்கியிருக்கும்போது அதன் கீழ்முனை தளத்திலிருந்து 120 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவாட்டில் போல்ட்டுகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர். தண்ணீருக்கடியில் மரக்கட்டை ஒன்று பக்கவாட்டில் 20 கிலோ அளவுக்கு முட்டினால், அது மேலே எட்டு மடங்காகி 160 கிலோ இழுப்பாக வரும். அதை ஒரு பக்கத்து இரண்டு போல்ட்டுகள் பங்குபோட வேண்டும். மெல்லிய தகட்டை மட்டும் பிடித்திருக்கும் ரிவெட் நட்டுக்கு அது நடக்கிற காரியமா? போதாததற்கு, மோட்டாரை மடக்கிப் படுக்கவைத்துவிட்டுப் படகின் பெரிய இன்ஜினில் வேகமாக ஓடும்போது ஒவ்வொரு அலைக்கும் அதன் முழு எடையும் குதிக்கிறது. ஜிபிஎஸ் வைத்த பெரிய மோட்டார்கள் 40 கிலோவைத் தொடும்.

அதனால் எந்த முறையானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: தளத்துக்கு அடியில் கை போகுமா? போகவில்லை என்றால் போகிற மாதிரி செய்யுங்கள். நான் தளத்தில் வட்டமாக ஒரு துளை வெட்டி, திருகுமூடி போட்டேன். அதன் வழியே கையைவிட்டு அடியில் 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வைத்து, கால் அங்குல ஸ்டெயின்லெஸ் போல்ட்டை மேலிருந்து கீழ்வரை முழுதாக ஓட்டினேன். கீழே அகல வாஷர், நைலான் வளையம் உள்ள லாக் நட். குறைந்தது நான்கு போல்ட், பக்கத்துக்கு இரண்டு, முடிந்தவரை தள்ளித் தள்ளி. ஸ்டெயின்லெஸ் நட்டை மின்கருவியால் வேகமாக இறுக்காதீர்கள். மரை சூடாகி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு பிரியாது. மரை கவ்வாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையைக் கொஞ்சம் பூசிக் கையால் இறுக்குவதே நல்லது.

சரி, இதையெல்லாம் நேர் போல்ட்டிலும் செய்யலாமே, பிறகு கழற்றுத் தட்டு எதற்கு? பராமரிப்புக்கு. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு அங்கேதான் விழுகிறது. நேர் போல்ட் முறையில் போல்ட் தலைகள் மோட்டாரின் அடிச்சட்டத்துக்குள், பக்க மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மூடியைக் கழற்றி, மோட்டாரைப் பாதி விரித்து, ஆலன் கீயைக் கோணலாக நுழைக்க வேண்டும். முடியாத வேலை இல்லை. ஆனால் தொந்தரவான வேலையை நாம் தள்ளிப்போடுவோம், தளர்வது மட்டும் தள்ளிப்போடாது. கழற்றுத் தட்டில் பூட்டுப் பின்னை இழுத்து மோட்டாரைச் சறுக்கி எடுத்தால் போல்ட் தலை எல்லாம் கண்ணெதிரே. ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தட்டுவரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். கோடு முறிந்திருந்தால் அது சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். பார்க்கப் பத்து விநாடி போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. வேறு மோட்டார் வாங்கினால் பெரும்பாலும் மேல்தட்டை மாற்றினால் போதும். தளத்தில் புதிதாக நான்கு ஓட்டை போட வேண்டாம். படகை விற்கும்போதும் வாங்குபவர் தளத்தில் பழைய ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

குறைகளையும் மறைக்கவில்லை. தட்டு இருக்கும் உயரத்துக்கு மோட்டார் மேலே ஏறிவிடும், ஆகவே தண்டின் நீளத்தைத் தட்டோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும். நாளாக நாளாகச் செருகும் இடத்தில் லேசான ஆட்டம் வருகிறது. சில தட்டுகளில் அதை இறுக்கத் திருகு இருக்கிறது, அப்படிப்பட்டதையே எடுங்கள். நொடியில் கழற்றிவிடலாம் என்று விற்பவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. பூட்டுப் பின் நொடியில் கழறும், ஆனால் 40 கிலோவைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒருமுறை பின்னைச் சரியாகப் போடாமலே கிளம்பி, நடுத்தண்ணீரில் தட்டு அரை அங்குலம் நகர்ந்திருப்பதைப் பார்த்து வியர்த்துப்போனேன். அன்றிலிருந்து பின்னுக்குச் சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன்.

என் அனுபவம் நல்ல தண்ணீரில், இரண்டு சீசன். உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடத்தில் அரிப்பு வேகமாக வரும், நைலான் வாஷரும் பசையும் வைத்துப் பிரிப்பார்கள். அங்கே என் தட்டு எத்தனை வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஃபைபர் படகில் நண்பருக்கு ஒன்று மாட்டிக்கொடுக்கப் போனேன், அவ்வளவுதான். அதில் ஓட்டை போட்டதும் வெளியே வந்தது ஈரமான மரத்தூள். தளத்துக்குள் இருந்த ஒட்டுப்பலகை ஊறியிருந்தது. அன்றைய வேலையை அங்கேயே நிறுத்திவிட்டோம்.