கஸ்டம் ரோம் போடக் கடையில் போன் கொடுத்தவர்கள் முதலில் ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள்

பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு, அதாவது கம்பெனி தராமல் வெளியாட்கள் உருவாக்கிய கஸ்டம் ரோம், போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் சர்வீஸ் கடைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அப்படி ஒரு கடையில் கொடுத்த என் போன் வேறு யாருடைய ஐஎம்இஐ எண்ணோடோ (ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்) திரும்பி வந்தது. காசு போனதைவிட இது பெரிய வில்லங்கம் என்பதால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

போன் போக்கோ எஃப்1. 2018 ஆகஸ்டில் வந்தது, ஸ்னாப்டிராகன் 845. இன்றைக்கும் வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பெனி அப்டேட் ஆண்ட்ராய்டு 10-ஓடு நின்றுவிட்டது. நன்றாக ஓடுகிற போனைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. லினியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோம் இந்த மாடலுக்கு அதிகாரபூர்வமாகவே வந்திருக்கிறது. 2016 டிசம்பரில் சயனோஜென் மூடப்பட்டபோது அதன் வாரிசாகத் தொடங்கிய திட்டம் அது, முழுக்க இலவசம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் கோவை காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். கூலி 1,500 ரூபாய் என்று பேச்சு.

"பண்ணிடலாங்ண்ணா. வெயிட்டிங் டைம் எல்லாம் நமக்குக் கிடையாதுங்ண்ணா, நம்மகிட்ட டூல் இருக்கு" என்றார் கடைத் தம்பி. பிறகு என் மி அக்கவுண்ட் (போக்கோவின் கம்பெனியான ஷாவ்மியில் உள்ள கணக்கு) எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, போனின் முதுகில் செல்லோடேப் போட்டு ஒட்டிவைத்தார்.

இந்த இடத்திலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். வேறு ரோம் போட முதலில் பூட்லோடரை, அதாவது போன் எழும்போது எந்த மென்பொருளை ஓடவிடலாம் என்று பார்க்கும் பகுதியை, திறக்க வேண்டும். இந்தப் போன்களில் அதைத் திறக்கக் கம்பெனியே ஒரு வழி வைத்திருக்கிறது. டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் அக்கவுண்டைச் சேர்க்க வேண்டும், விண்டோஸ் கம்ப்யூட்டரில் அன்லாக் டூலைத் திறந்து லாகின் செய்ய வேண்டும், அது சொல்கிற நேரம்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் 168 மணி நேரம். அந்தக் கணக்கை வைத்திருப்பது கம்பெனியின் சர்வர். அதைத் தாண்டித் தருகிறேன் என்பவர் கையில் இருப்பது யாரோ விற்ற சர்வீஸ் சென்டர் அனுமதியாகவோ, எங்கிருந்தோ இறக்கிய கிராக் டூலாகவோதான் இருக்கும். இரண்டாவது, பாஸ்வேர்டை எழுதி வாங்க எந்த அவசியமும் இல்லை. உரிமையாளர் கடையில் உட்கார்ந்து ஒரு முறை லாகின் செய்தால் போதும். அந்த பாஸ்வேர்டு கையில் இருப்பவர் உங்கள் கிளவுட் படங்களைப் பார்க்கலாம், போனைத் தூரத்திலிருந்தே பூட்டவும் செய்யலாம்.

போன் திரும்பி வந்தது. அபௌட் போனைத் திறந்தால் பில்ட் நம்பரின் கடைசியில் யாரோ ஒருவருடைய புனைபெயர். லினியேஜ் ஓஎஸ் அல்ல, யாரோ சமைத்த ரோம். உள்ளே ஒரு உடனடிக் கடன் ஆப் இருந்தது. அதை அழுத்திப் பிடித்தால் அன்இன்ஸ்டால் என்ற பட்டனே வரவில்லை, ஏனென்றால் அது சிஸ்டம் பகுதியிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி அதற்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. ஓடிபி வருகிற போனில் இது இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பேங்க் ஆப் திறக்கவில்லை, யூபிஐ ஆப்பும் திறந்த உடனே மூடிக்கொண்டது. இதுவும் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாத விஷயம். பூட்லோடர் திறந்திருக்கிறதா என்று கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி வழியாக ஆப்கள் சோதிக்கின்றன, திறந்திருந்தால் பல பேங்க் ஆப்கள் ஓட மறுக்கும். சுற்றிப்போக வழிகள் உண்டு, ஆனால் எதுவும் நிரந்தரம் இல்லை. பணம் வாங்குகிற கடை இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

போய்க் கேட்டேன். "அது ஒண்ணுமில்லீங்ண்ணா, பூட்லோடரை மறுபடி லாக் பண்ணிட்டா ஜிபே எல்லாம் ஓடும்" என்று என் கண் முன்னாலேயே ஃபாஸ்ட்பூட்டில் (கம்ப்யூட்டரிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) லாக் கட்டளையைக் கொடுத்தார். கருப்புத் திரையில் ஒரே வரி: "தி சிஸ்டம் ஹேஸ் பீன் டெஸ்ட்ராய்ட்", சிஸ்டம் அழிந்துவிட்டது என்று. அதற்குமேல் பவர் பட்டனை அழுத்தினால் அணைகிறது, போட்டால் திரும்ப அதே வரி.

கம்பெனியின் சொந்த ரோம் உள்ளே இருந்தால் மட்டுமே இந்தப் போன்களில் பூட்லோடரைத் திரும்பப் பூட்டலாம். பூட்டிய பூட்லோடர் கம்பெனியின் கையெழுத்தை எதிர்பார்க்கும், வேறு ரோம் இருந்தால் பூட் ஆகாது. கூகுள் பிக்சலில் கிராஃபீன் ஓஎஸ் போடுகிறவர்கள் பூட்டியே வைத்துக்கொள்ளலாம், அந்தப் போன்கள் கம்பெனியுடையது அல்லாத கையெழுத்துச் சாவியையும் ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. போக்கோவுக்கு அந்த வசதி இல்லை. இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு இது தெரியாமல் இருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

"மதர்போர்டு போச்சுங்ண்ணா, இன்னும் 2,000 ஆகும்" என்றார்கள். மதர்போர்டுக்கு எதுவும் ஆகவில்லை. முதுகு மூடியைக் கழற்றி, போர்டில் இருக்கும் டெஸ்ட் பாயிண்டை ஷார்ட் செய்து, குவால்காமின் இடிஎல் என்ற அவசர வழியில் ஸ்டாக் ரோமை, அதாவது கம்பெனியின் சொந்த ரோமை, ஏற்றினார்கள். அதுவும் ஏற்றியது சுத்தமான ஃபைல் இல்லை போலும். போன் எழுந்தது, ஆனால் சிக்னல் இல்லை, ஐஎம்இஐ இருந்த இடம் காலி. கைரேகையும் வேலை செய்யவில்லை. ஐஎம்இஐ, ரேடியோ அளவீடுகள், சென்சார் அளவீடுகள் எல்லாம் போன் நினைவகத்தின் தனித்தனிப் பார்ட்டிஷன்களில் (பிரிவுகளில்) இருக்கும், ஒவ்வொரு போனுக்கும் தொழிற்சாலையில் எழுதப்படுபவை. அவற்றை அழித்தால் இணையத்தில் எங்கே தேடியும் உங்கள் போனுக்கானது கிடைக்காது.

மறுநாள் "நெட்வொர்க் வந்துருச்சுங்ண்ணா" என்று கூப்பிட்டுக் கொடுத்தார்கள். உண்மையிலேயே கால் போனது. வீட்டுக்கு வந்து *#06# அடித்து, போன் வாங்கிய பெட்டியை எடுத்து, ஸ்டிக்கரில் இருந்த 15 இலக்கத்தோடு ஒன்றொன்றாக வைத்துப் பார்த்தேன். முதல் எட்டு இலக்கம் அப்படியே இருந்தது, மாடலைக் குறிப்பது அதுதான். அதற்குப் பின்னால் வந்த எண்கள் வேறு.

வேறொரு போக்கோ எஃப்1-இலிருந்து எடுத்த க்யூசிஎன் ஃபைலை (ரேடியோ அமைப்புகளின் பேக்கப்) என் போனில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஃபைலோடு அந்தப் போனின் ஐஎம்இஐயும் வந்துவிட்டது. கேஒய்எம் என்று அடித்து இடைவெளி விட்டு எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் விவரம் வருமே, அதில்கூட மாடல் சரியாகத்தான் வந்தது. ஒரே மாடலாயிற்றே. பெட்டியோடு ஒப்பிட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அந்த எண் ஒரு திருட்டுப் போனுடையதாக இருந்தால் சிம் என் பெயரில், எண் குற்றப் பட்டியலில். ஐஎம்இஐயை மாற்றுவதைத் தடுக்க 2017-இலேயே விதி வந்துவிட்டது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவில் இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடைக்காரர் இதை ஒரு சாதாரண ரிப்பேர் மாதிரி சொல்லிக் கையில் கொடுத்தார்.

சிம்மை உடனே கழற்றினேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து, இரண்டு எண்களையும் குறிப்பிட்டு, சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்கிக்கொண்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தேன். பில் கேட்டபோது கடையில் தரவில்லை. யூபிஐ பரிவர்த்தனையும், அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளும்தான் கைகொடுத்தன. "ஐஎம்இஐ ரைட் பண்ணிட்டேங்ண்ணா" என்று அவர் குரலிலேயே இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்று இப்போது தூது வருகிறது. பணத்தை வாங்கிக்கொள்வேன், புகாரை வாபஸ் வாங்க மாட்டேன்.

கஸ்டம் ரோம் போடுவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. கம்பெனி கைவிட்ட போனுக்கு இன்னும் சில வருஷம் உயிர் கொடுக்கும் நல்ல காரியம் அது, அதற்காக ராத்திரி பகலாக இலவசமாக உழைக்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் சும்மா தருவதைக் காசுக்கு விற்று, கூடவே கடன் ஆப்பையும் திணிக்கிறவர்கள்மேல்தான் கோபம். கம்பெனிகள் அன்லாக்கைக் கடினமாக்க ஆக்க இந்த இடைத்தரகர்கள் பெருகுகிறார்கள். ஹுவாவே 2018-இல் அன்லாக் கோடு தருவதையே நிறுத்தியது, இன்றும் கோடு விற்கிறோம் என்று விளம்பரம் வருகிறது. சாம்சங்கில் வேறு ஃபர்ம்வேர் ஏற்றினால் நாக்ஸ் ஃபியூஸ் (பாதுகாப்புக்காகப் போனுக்குள் வைத்த ஒருமுறை அடையாளம்) எரிந்துவிடும், திரும்ப மாற்ற வழியே இல்லை, ரகசியக் கோப்புகளை வைக்கும் செக்யூர் ஃபோல்டர் போய்விடும். அதையும் சரிசெய்து தருவதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனிடெஸ்க் என்ற தொலை இயக்க மென்பொருளைப் போடச் சொல்லித் தூரத்திலிருந்து அன்லாக் செய்பவர்களிடம் இன்னும் கவனம், உங்கள் கம்ப்யூட்டர் முழுக்க அவர் கைக்குப் போகிறது.

தெரிந்த நண்பரின் லேப்டாப்பில் நீங்களே செய்ய முடிந்தால் அதுதான் நல்லது. அன்லாக் ஆகும்போது போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், படங்களை முன்னாலேயே எடுத்துவையுங்கள். டிடபிள்யூஆர்பி ரெக்கவரி (ரோம் ஏற்றவும் பேக்கப் எடுக்கவும் உதவும் மென்பொருள்) ஏறியதும் வேறு எதையும் தொடும் முன் இஎஃப்எஸ், பெர்சிஸ்ட் இரண்டையும் (ஐஎம்இஐ, சென்சார் அளவீடுகள் இருக்கும் அந்தப் பார்ட்டிஷன்கள்) பேக்கப் எடுத்து, போனுக்கு வெளியே ஒரு பென்டிரைவில் போட்டுவிடுங்கள். என் போனுக்கு அந்த பேக்கப் மட்டும் இருந்திருந்தால் என் சொந்த எண்ணே திரும்பியிருக்கும். ரோமை அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள்.

ஏற்கெனவே கடையில் ஃப்ளாஷ் செய்து வாங்கியவர்கள் இன்றைக்கே பெட்டியைத் தேடி எடுத்து *#06# போட்டுப் பாருங்கள். பெட்டி இல்லை என்றால் வாங்கிய பில்லில் எண் இருக்கும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் இருக்கும், இரண்டையும் பாருங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் சிம்மை எடுத்துவிட்டு, கடையோடு பேசிய மெசேஜ்களை அழிக்காமல் புகார் கொடுங்கள்.