நடை எண்ணும் பேண்ட் மட்டும் போதுமா? திருப்பூர் பனியன் கம்பெனியில் இரண்டு வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். அலுவலகத்தில் இருக்கும் எல்லோருக்கும், பிறகு தையல், செக்கிங், பேக்கிங் பிரிவுகளில் விருப்பப்பட்டவர்களுக்கும், கையில் கட்டி நடை எண்ணும் பேண்டை கம்பெனியே வாங்கிக் கொடுத்தது. சில மாதம் கழித்து, வாரம் இரண்டு நாள் வந்து நடைக்கும் பயிற்சிக்கும் வழிகாட்டும் ஒரு கோச்சையும் ஏற்பாடு செய்தார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்துக் கம்பெனிக்காரர்களும், கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிகளில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்களும் "வாங்கலாமா, பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பேண்ட் மட்டும் என்றால் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். பேசி வழிகாட்ட ஓர் ஆளும், வேலை நேரத்துக்குள் எழுந்து நடக்க அனுமதியும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இதுதான் என் பதில்.

முதலில் கருவியைப் பற்றி. எங்களுடையது இரண்டாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட சாதாரண வகை. உள்ளே மூன்று திசை அசைவையும் உணரும் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. கை வீசும் விதத்தை வைத்து அது நடையைக் கணக்கிடுகிறது. அடிப்பக்கத்தில் எரியும் பச்சை விளக்கு, தோலில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு நாடித்துடிப்பைச் சொல்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எங்கே தப்புக் கணக்கு வரும் என்பதும் புரிந்துவிடும். குடத்தை இடுப்பில் வைத்துப் பிடித்தபடி தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு எத்தனை நடை நடந்தாலும், பிடித்த கை ஆடாததால் பாதிகூடப் பதிவாகாது. பேக்கிங்கில் பெட்டி ஏற்றிய டிராலியைத் தள்ளும் பையன்களுக்கும் இதே கதை. ஆனால் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து நாள் முழுக்கத் துணியைத் தள்ளித் திருப்பும் டைலருக்கு, எழுந்திருக்காமலே நடைக் கணக்கு ஏறும். குழி விழுந்த ரோட்டில் வண்டி ஓட்டினாலும் கொஞ்சம் கூடும். அதனால் ஒருவர் எண்ணிக்கையை இன்னொருவரோடு ஒப்பிடவே கூடாது. போன வாரத்து என்னையும் இந்த வாரத்து என்னையும் ஒப்பிட்டால் மட்டும் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது.

இன்னும் சில விஷயங்கள் உபயோகித்துப் பார்த்துத் தெரிந்தவை. மணிக்கட்டில் பச்சை குத்தியிருக்கும் பெரியம்மாக்களுக்கு நாடித்துடிப்பு சரியாக வராது. அந்த மை ஒளியை விழுங்கிவிடுகிறது. வளையல் போடுகிறவர்கள் பேண்டை வளையலுக்கு மேலே, முழங்கைப் பக்கமாகத் தள்ளி இறுக்கமாகக் கட்ட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ரப்பர் பட்டைக்கு அடியில் வேர்த்து அரிக்கும். தினமும் கழற்றிக் கழுவித் துடைத்தால் போதும். தையல் பிரிவில் பறக்கும் பஞ்சு, சார்ஜ் போடும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று இதற்கே வைத்திருக்கிறோம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நிறைய பேண்டுகளில் பேட்டரி சீக்கிரம் இறங்க ஆரம்பித்தது.

போனிலேயே நடை எண்ணும் வசதி இருக்கிறதே என்று ஆண்கள் கேட்பார்கள். புடவையில் பாக்கெட் ஏது? போன் கைப்பையிலோ மேஜையிலோ கிடக்கும். பெண்கள் அதிகம் இருக்கும் இடத்தில் கையில் கட்டும் பேண்டுதான் சரி.

ஆரம்பத்தில் கோச் கிடையாது. பேண்டைக் கொடுத்து, பத்தாயிரம் அடி இலக்கு வைத்து, யார் அதிகம் என்று நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டி, முதல் மூன்று பேருக்குப் பரிசு என்றார்கள். முதல் மாதம் கம்பெனியே கலகலப்பாக இருந்தது. மதியம் மொட்டை மாடியில் கூட்டம். அப்புறம் ஒவ்வொருவராகக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே தினமும் காலையில் நடக்கிறவர்கள்தான் ஜெயித்தார்கள். நாற்காலியை விட்டு எழாதவர்கள், மூட்டு வலிக்காரர்கள், உண்மையில் யாருக்காக இதை ஆரம்பித்தார்களோ அவர்கள், பட்டியலின் அடியில் பெயரைப் பார்த்துக் கூசிப்போனார்கள்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. சிங்கப்பூரில் 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. பேண்டோடு பணமும் கொடுத்த குழு முதல் ஆறு மாதம் நன்றாக நடந்தது. பணம் நின்றதும் அந்த முன்னேற்றமும் நின்றது. ஒரு வருட முடிவில் பத்தில் ஒருவர்தான் பேண்டை இன்னும் அணிந்திருந்தார். எடையிலும் ரத்த அழுத்தத்திலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. எங்கள் நிர்வாகம் இதை முன்னாலேயே பார்த்திருந்தால் பரிசுப் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

பத்தாயிரம் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1965-ல் ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி விற்ற நடைமானியோடு பரவிய இலக்கு அது. மருத்துவர்கள் அளந்து பார்த்து வைத்தது கிடையாது. சராசரி 72 வயதுப் பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட முடிவுப்படி, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் கேன்டீன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும்.

கோச் வந்த பிறகு நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. ஈரோட்டுப் பக்கத்துத் தம்பி, பிசியோதெரபி படித்தவர். முதல் நாள் என் பேண்டை அவர் பார்க்கவே இல்லை. "ஏனுங்க்கா, காத்தால எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகுதான் வரைபடத்தைத் திறந்தார். மாதம் இரண்டு தடவை என் நடை அடியோடு சரிவது அவர் கண்ணில் பட்டது. எந்தத் தேதிகள் என்று பார்த்தால், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் 11-ம் தேதியும் 20-ம் தேதியும்! அந்த நாட்களுக்குத் தனி இலக்கு வைத்தார்: மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காம்பவுண்டைச் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சாப்பிட்டவுடன் மெதுவாக நடந்தால் ஏறும் சர்க்கரை மட்டுப்படும் என்று விளக்கினார். அரிசியும் பருப்பும் சாதத்தை விடச் சொல்லவில்லை, அளவைக் குறைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். அதனால்தான் அவர் பேச்சு என்னிடம் எடுபட்டது.

வெளிநாட்டு பையர்களோடு, அதாவது துணி வாங்குகிறவர்களோடு, ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் தம்பிகளுக்கு வேறு விதமாகச் சொன்னார். ஐரோப்பிய பையர்கள் சாயங்காலம் போனில் வருவார்கள்; அந்தப் பேச்சை உட்கார்ந்து பேசாமல் மாடியில் நடந்துகொண்டே பேசுங்கள், ஆடிக் காற்று வேறு பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து சும்மா வீசுகிறது, ஏன் ஏசி அறைக்குள் என்றார். காலையில் தெருவில் நடக்க முடியாததற்குப் பெண்கள் சொன்ன காரணம் நாய்கள், சாயங்காலம் இருட்டு. அவர் அதைச் சாக்கு என்று தள்ளவில்லை. நிர்வாகத்திடம் பேசி, காம்பவுண்டுக்குள்ளேயே பின்பக்கம் கிடந்த பழைய அட்டைப்பெட்டிகளை அகற்றி, விளக்குப் போட வைத்தார். மேஜைக்கு வந்துகொண்டிருந்த டீயையும் அங்கே மாற்றினார்கள். "டீ குடிக்கற நேரமாச்சும் உக்கார உடுங்கப்பா" என்று முதல் வாரம் ஒரே சண்டை. இப்போது டீயும் போண்டாவும் முடிந்து ஒரு சுற்று நடக்காமல் யாரும் உள்ளே வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்கிறது. ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் எல்லாம் கணக்கில் சேரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

தையல், செக்கிங் பக்கம் நிலைமையே வேறு. அங்கே கோச்சிடம் ஒரு பெரியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "நாள் பூரா நின்னுட்டேதான் கெடக்கறேன் கண்ணு, இதுக்கு மேல எங்க போயி நடக்கறது?" நியாயமான கேள்வி. தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று ஒன்றரை ஷிப்ட் நின்றபடி பீஸ் பார்க்கிறவருக்கு நடை இலக்கு வைப்பது கொடுமை. 1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து, உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். அந்த ஓட்டுநர் இடத்தில் இங்கே நானும் மெர்ச்சண்டைசர்களும் இருக்கிறோம். செக்கிங் அம்மாக்களை நடத்துநர் என்றும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் நிற்பது நடையாகாது, அதில் கால் வீங்கும், நரம்பு சுருட்டும். அவர்களுக்கு வேண்டியது ஸ்டூல். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. எங்கள் செக்கிங் மேஜைக்கும் அதே மனசு வேண்டும் என்று கோச் எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டூல் வந்துகொண்டிருக்கிறது. கெண்டைக்கால் தசைக்கும் இடுப்புக்கும் இரண்டு நிமிடப் பயிற்சி, டீ இடைவேளையில் அவரே நின்று சொல்லிக் கொடுக்கிறார்.

அடுத்தது, யார் எதைப் பார்க்கிறார்கள் என்ற விஷயம். இதில் நான் கறாராக இருப்பேன். பேண்ட் நாம் தூங்கும் நேரத்தைச் சொல்லும், மாதவிலக்குத் தேதியைக் குறித்து வைக்கும், எத்தனை மணிக்கு இடத்தை விட்டு எழுந்தோம் என்பதையும் காட்டும். பாத்ரூம் போன நேரத்தைச் சூப்பர்வைசர் எண்ணுவாரோ என்ற பயத்தில்தான் தையல் பிரிவில் பாதிப் பேர் முதலில் வாங்கவே இல்லை. எங்கள் பிரிவுகளிலிருந்து ஆள் ஆளாகப் போய்ப் பேசியபின், தனிநபர் விவரம் கோச்சுக்கு மட்டும், கம்பெனிக்குப் பிரிவு வாரியான சராசரி மட்டும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். பட்டியல் போர்டும் போய்விட்டது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. ஊழியரின் ஒப்புதல் இல்லாமல் இதையெல்லாம் சேகரிக்கும் கம்பெனியில் நான் பேண்ட் கட்ட மாட்டேன்.

பலன் என்ன என்று கேட்டால், என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்கியிருக்கிறது. மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறேன் என்பதால் முழுப் பெருமையையும் நடைக்குக் கொடுக்க மாட்டேன். மாடிப்படியில் மூச்சு வாங்குவதில்லை. மதியம் மூன்று மணிக்கு வரும் தூக்கம் போய்விட்டது. எடை பெரிதாகக் குறையவில்லை. அதற்காக யாரும் பேண்ட் வாங்க வேண்டாம்: 2016-ல் வந்த இரண்டு வருட அமெரிக்க ஆய்வில், பேண்ட் கட்டிய குழு சராசரியாக மூன்றரைக் கிலோவும், கட்டாமல் வழக்கமான ஆலோசனை பெற்ற குழு கிட்டத்தட்ட ஆறு கிலோவும் குறைந்தார்கள். தீபாவளிக்கு முந்தைய ஷிப்மென்ட் வாரங்களில் எங்கள் எல்லோருடைய நடையும் இன்னமும் சரிகிறது. அதைச் சரிசெய்ய வேண்டியது நிர்வாகம்தான். ராத்திரி பத்து மணி வரை நிறுத்திவைத்துவிட்டு நடக்கச் சொன்னால் யாரால் முடியும்?

பேட்டரி போன பேண்டுகளை மாற்ற இந்த வருடம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அலுவலகத்தில் பாதிப் பேருக்குப் பேண்ட் இல்லாமலே பழக்கம் வந்துவிட்டது. அவர்களுக்குப் புதிது வாங்காமல், அந்தப் பணத்தில் கோச்சை வாரம் மூன்று நாள் வர வைக்கவும், மூன்றாவது நாளை முழுக்கச் செக்கிங் பிரிவுக்கே கொடுக்கவும் கேட்டிருக்கிறோம். முதலாளி கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஸ்டூல் விலையையும் சேர்த்தே போட்டுக்கொண்டிருக்கிறேன்.