'எத்' ஈறும் 'ஸ்' ஈறும்

இடைக்கால இங்கிலாந்தில் 'அவன் வருகிறான்' என்பதைத் தெற்கத்தியார் 'கமெத்' என்றனர். வடக்கத்தியார் 'கம்ஸ்' என்றனர். 'ஸ்' பிற்காலத்துப் புதுமை என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திப் பிரதியின் லத்தீன் வரிகளுக்கு இடையே 10ஆம் நூற்றாண்டில் எழுதிய வடபுல உரையிலேயே அது 'எத்' ஈற்றோடு கலந்து வருகிறது. 14ஆம் நூற்றாண்டின் லண்டன் கவிஞர் சாசர், வடநாட்டு மாணவர் இருவரின் வாயில் அதைப் போட்டு வேடிக்கை காட்டினார்.

ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் ஒரே வரியில் நிற்கின்றன: 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் நாயகி போர்ஷியாவின் கருணைப் பேச்சில் 'பிளெஸ்ஸெத்', அதே மூச்சில் 'கிவ்ஸ்', 'டேக்ஸ்'. இது தற்செயலாகத் தோன்றவில்லை. 'ஸ்' போன்ற சீறொலியில் முடியும் வினைகளில் 'எத்' கூடுதல் காலம் தாக்குப்பிடித்தது. மற்ற வினைகளில் அது ஓர் அசையைக் கூட்டித் தரும், யாப்புக்கு வசதி.

1611 ஜேம்ஸ் மன்னர் பைபிள் முழுக்க 'எத்' ஆட்சிதான். ஆனால் எழுதும்போது 'எத்', பேசும்போது 'ஸ்' என்று 1643இல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்ற பள்ளி ஆசிரியர் பதிவு செய்துவிட்டார்.

கம்பீரத்தில் என் ஓட்டு 'எத்' பக்கம். ஆனால் பழமை தொனிக்கட்டும் என்று 'நான்' என்பதோடும் அதை ஒட்டுகிறார்களே, அது வெறும் பிழை. 'அவன், அவள், அது' என்பவற்றுக்கே அது உரியது.