இல்லாத ஆயில் சீலை மாற்ற 14,500 ரூபாய்

பழைய எம்ஜி கார், பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் 72,400 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

பெரியப்பா விட்டுப்போன 1957 எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு காலை அடையாறிலிருந்து கோவளம் போய்த் திரும்புவேன், அவ்வளவுதான் அதன் ஓட்டம். இரண்டு மாதத்துக்கு முன் போர்டிகோ தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். முகர்ந்து பார்த்தே கியர் ஆயிலா இன்ஜின் ஆயிலா என்று சொல்லிவிடலாம் என்பார்கள். இந்த வண்டியில் அந்த வித்தை பலிக்காது. இதன் கியர்பாக்ஸுக்கும் இன்ஜின் ஆயில்தான்.

கிளாசிக் கார்களுக்கென்றே போர்டு மாட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். ஏசி அறை, காபி எல்லாம் உண்டு. லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்து, பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறை) அடியில் சொட்டி நிற்பதைக் காட்டினார்கள். "ரியர் மெயின் சீல் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும்." அதாவது இன்ஜினைச் சுற்றவைக்கும் கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம். இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. துடைத்துப் பார்க்கவில்லை, கழுவிப் பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். மேலே எங்கே ஒழுகினாலும் ஆயில் கீழேதான் இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டுகிற இடத்தை வைத்து ஒழுகுகிற இடத்தைச் சொல்ல முடியாது.

பதினெட்டு நாள் கழித்து வண்டி வந்தது. பில்லில் "ரியர் ஆயில் சீல், இம்போர்ட்டட்" 14,500, இன்ஜின் இறக்கி ஏற்றியதற்கு 28,000, அப்புறம் மெல்லிசான 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயில், இன்னும் என்னென்னவோ. மூன்றாம் நாள் அதே இடத்தில் முன்பைவிடப் பெரிய வட்டம். போன் செய்தால், "பழைய வண்டின்னா ஒழுகத்தான் சார் செய்யும்" என்கிறார் ஓனர். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

நண்பர் ஒருவர் புதுப்பேட்டையில் ஒரு பாயிடம் அனுப்பினார். நாற்பது வருஷம் அம்பாசடரிலேயே கழித்தவர். எம்ஜிஏவின் 1489 சிசி இன்ஜினும் பழைய அம்பாசடர் இன்ஜினும் பிரிட்டிஷ் கம்பெனி பிஎம்சியின் ஒரே பி-சீரிஸ் குடும்பம். பில்லை வாசித்துக் காட்டினேன். "இந்த இன்ஜின்ல ஏது சார் ரியர் சீல்?" என்றார்.

உண்மையிலேயே கிடையாது. மூன்று பேரிங்கில் சுற்றும் இந்தப் பழைய கிராங்கின் பின்பக்கம் மரை மாதிரி ஒரு சுருள் வெட்டியிருக்கும். கிராங்க் சுற்றும்போது அது ஆயிலை இன்ஜின் அடித்தொட்டியான சம்புக்கே திருப்பித் தள்ளும். நின்ற பிறகு இரண்டு சொட்டு விழுவது அதன் சுபாவம். 1964 கடைசியில் அடுத்த மாடலான எம்ஜிபிக்கு ஐந்து பேரிங் கிராங்க் வந்தபோதுதான் ரப்பர் சீல் வந்தது. பழைய இன்ஜினுக்கும் சீல் போடத் தனி கிட் விற்கிறார்கள், ஆனால் என் பில்லில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்து பாய் காட்டியதுதான் வயிற்றெரிச்சல். இன்ஜின் மவுண்ட் நட்டுகளில் பல வருஷத்து அழுக்கு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. இன்ஜினைத் தூக்க பானெட்டைக் கழற்ற வேண்டும், ஆனால் பானெட் கீல் போல்ட்டுகளில் பெயிண்ட் உடையவில்லை. இன்ஜினை இறக்கவே இல்லை!

அவர் செய்தது இவ்வளவுதான். மண்ணெண்ணெய் போட்டு இன்ஜினைச் சுத்தமாகக் கழுவி, காயவைத்து, சுற்றிலும் முகப்பவுடரைத் தூவினார். அரை மணி ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடிகளில் பின்பக்கத்து டேப்பட் கவரிலிருந்து பவுடரில் கறுப்பாக ஒரு கோடு இறங்கி, பெல் ஹவுசிங் வரை போயிருந்தது. பெல் ஹவுசிங் அடியில் ஒரு ஓட்டை, அதில் ஒரு ஸ்ப்ளிட் பின் தொங்கும். உள்ளே ஒழுகினால் அந்த வழியாகத்தான் வரவேண்டும். அந்த ஸ்ப்ளிட் பின் கிட்டத்தட்ட காய்ந்திருந்தது.

டேப்பட் கவரின் கார்க் கேஸ்கட் சூட்டில் வெந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. யாரோ நடு போல்ட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்கி, தகடே வளைந்திருந்தது. இன்ஜின் உள்ளே சேரும் காற்று வெளியேறும் பிரீத்தர் குழாயிலும் சேறு அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் கிடைத்த சந்தில் எல்லாம் வெளியேறும். தகட்டை நிமிர்த்தி, புது கார்க் போட்டு, குழாயைச் சுத்தம் செய்து, ஒர்க்‌ஷாப் ஊற்றிய அந்தத் தண்ணி ஆயிலை வடித்துவிட்டுக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினார். ஆயில் விலை போகக் கூலி 1,800 ரூபாய். இப்போது அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறேன், காலையில் இரண்டு சொட்டுதான்.

கழற்றிய பழைய சீலைக் கொடுங்கள் என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டதாம். வேலை நடந்தபோது எடுத்த படம்? அதுவும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என்னைப் போலவே பழைய பி-சீரிஸ் இன்ஜினுக்கு ரியர் சீல் பில் கட்டியவர்கள் யாராவது இருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.