அம்மா சந்தைக்குப் போக மெல்போர்னிலிருந்து ஓ.டி.பி.

இந்த முறை ஊருக்குப் போனதில் விமானம், டாக்ஸி, அறை எல்லாம் நன்றாகவே அமைந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கு அம்மா இருக்கும் குடியிருப்பின் கேட்டில் நடந்ததைத்தான் எழுத வேண்டும். மெல்போர்ன் திரும்பிய பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அம்மா இருப்பது கோவையில், வடவள்ளி தாண்டி ஒரு மூத்தோர் குடியிருப்பில். அப்பா போன பிறகு, தனி வீடு வேண்டாம் என்று அம்மாவே பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். ஆர்.எஸ்.புரத்தில் இருந்த காலத்தில் விடிந்ததும் உழவர் சந்தைக்கு நடந்து போவதுதான் அம்மாவின் நாளுக்குத் தொடக்கம். அரைக்கீரையா சிறுகீரையா என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் முடிவாகும். குடியிருப்புக்கு வந்த பிறகும் வடவள்ளி உழவர் சந்தைக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். சமைக்க வேண்டிய தேவை இல்லை, மூன்று வேளையும் மெஸ் சாப்பாடுதான். ஆனாலும் கீரை ஆய்ந்து, அறையில் இருக்கும் சின்ன அடுப்பில் ஒரு கூட்டு வைத்துப் பக்கத்து அறைக்கும் கொடுப்பார். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமான 2021க்குப் பிறகு அம்மாவுக்கு அது தனிப் பெருமை. "கண்டக்டர் டிக்கெட்டக் கிழிச்சுக் குடுக்கறாரு, காசு வாங்கறதில்ல கண்ணு" என்று போனில் பல தடவை சொல்லியிருக்கிறார்.

சமீப மாதங்களாகச் சந்தைப் பேச்சே இல்லை. கேட்டால் "கால் வலிக்குது" என்பார். சரி, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குப் போய் உடம்புச் சோர்வு தீர்ந்ததும், "வாங்கம்மா, சந்தைக்குப் போலாம்" என்றேன். முகம் அப்படி மலர்ந்தது. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தார். அந்த நடையில் எந்தக் கால் வலியையும் நான் பார்க்கவில்லை.

கேட்டில் காவலுக்கு இருந்தவர் ஆலாந்துறைக்காரர், அறுபதை ஒட்டிய வயது. கையில் ஒரு டேப்லெட். அம்மாவின் அறை எண், போகும் இடம், திரும்பும் நேரம் எல்லாம் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஓ.டி.பி. வந்திருக்குங்களா?" என்றார். குடியிருப்பவர் வெளியே போக வேண்டுமென்றால் குடும்பத்தார் ஒப்புதல் வேண்டுமாம். அது 'முதன்மைத் தொடர்பு' என்று பதிவான எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். அம்மாவுக்கு அது என் ஆஸ்திரேலிய எண். அந்த சிம்மைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு உள்ளூர் சிம் போட்டிருந்தேன். ஊருக்கு வரும் எல்லோரும் செய்வதுதானே.

"அண்ணா, அந்தப் பொண்ணு நான்தான். இதோ நிக்கறேன். கூடவே போயிட்டுக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"தெரியுதுங்க அம்மிணி. டீச்சரம்மா மக முகத்தப் பாத்தாலே தெரியுது. ஆனா நம்பர் போடாம பாஸ் வராதுங்க. பாஸ் இல்லாம உட்டா கேமராவுல பாத்து என்ற சம்பளத்துல புடிச்சுருவாங்க."

அவரிடம் என்ன சண்டை போடுவது? ஓடிப்போய் சிம்மை எடுத்துவந்து மாற்றி, ரோமிங் போட்டு, சிக்னலுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குறுஞ்செய்தி வருவதற்குள் அந்த எண் காலாவதியாகிவிட்டது. மறுபடி கேட்டோம், மறுபடியும் அதே கதை. வரவேற்பறையில் இருந்த பையன், மேனேஜர் ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்றான். ஒன்பது மணிக்குச் சந்தையில் நல்ல கீரை ஏது?

அம்மா காவலரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "மத்தியானத்துல கேட்டப் பூட்டி வைங்கன்னு ஸ்கூல் வாட்ச்மேன்கிட்டச் சொன்னவ நானு. அது ஆறாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு."

"நான் அங்க இருக்கறப்ப எப்படிம்மா போறீங்க?"

"போறதில்ல கண்ணு. நீ வேலைல இருப்பே. எதுக்குத் தொந்தரவுன்னு உட்டுட்டேன்."

பொங்கலுக்குப் பிறகு வந்த ஏற்பாடாம் இது. அதிலிருந்து அம்மா ஒருமுறைகூட வெளியே போகக் கேட்டதே இல்லை. அதனால் எனக்கு ஒரு குறுஞ்செய்தியும் வந்ததில்லை. தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர், வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்பவர், சந்தைக்குப் போவதற்கு மகளிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை அவ்வளவு அமைதியாக விழுங்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மெல்போர்னில் நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அதனால்தான் இது இவ்வளவு உறுத்துகிறது. எங்கள் இல்லத்தின் வெளிக்கதவுக்கு எண் பூட்டு உண்டு. நினைவு தெளிவாக இருப்பவர்களுக்கு அந்த எண் தெரியும். ஒரு கிரேக்கப் பாட்டி தினமும் சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தெருமுனை ரொட்டிக்கடைக்குப் போய்வருவார். நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போவார், அவ்வளவுதான். விழுந்துவிட மாட்டாரா? விழலாம். 2019 ஜூலையில் அங்கே நடைமுறைக்கு வந்த தர விதிகளிலேயே, தாங்கள் விரும்பும் வாழ்க்கையை வாழ்வதற்காக இடர்களை ஏற்கவும் முதியவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பயிற்சியில் முதல் வாரமே அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதற்காக ஆஸ்திரேலியா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. முதியோர் இல்லங்களில் நடந்த கொடுமைகளை விசாரிக்க அங்கே அரச ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. அதன் இறுதி அறிக்கை 2021 மார்ச்சில் வெளிவந்தது, 148 பரிந்துரைகளோடு. மாலை ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பேச ஆளில்லாமல் கிடப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அம்மாவின் இடத்தில் சாயங்காலம் வராந்தாவில் மொச்சை உரித்துக்கொண்டு நான்கு பேர் பேசும் பேச்சு அங்கே எந்தக் காசுக்கும் கிடைக்காது. அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், காபி கொடுத்தார். இந்த ஏற்பாட்டுக்குக் காரணமும் சொன்னார். நினைவு தடுமாறும் ஒருவர் தனியாகக் கிளம்பி, இரவில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் போனில் கத்தித் தீர்த்துவிட்டார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவருக்கு வந்த நோய்க்காக எல்லோருக்கும் பூட்டா?

அதற்குப் பதிலாக அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். 'குடியிருப்போர் மகிழ்ச்சிக் குறியீடு' என்று ஒரு பச்சை வட்டம். ஐந்துக்கு நாலரைக்கும் மேல். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் மேடம் என்றார். இதை யார் நிரப்பினார்கள் என்று கேட்டேன். மாதா மாதம் பிள்ளைகளுக்கு லிங்க் போகிறதாம், அவர்கள் நிரப்புகிறார்களாம். "பெரியவங்க கிட்டக் கேட்டா எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க மேடம். ஃபேமிலி சொல்றதுதான் கரெக்டா இருக்கும்."

அந்த லிங்க் எனக்கும் வந்திருக்கிறது. தூய்மை எப்படி, தகவல் தொடர்பு எப்படி, பாதுகாப்பு எப்படி என்று கேட்கும். அதையெல்லாம் மெல்போர்னில் இருக்கும் நான் எப்படிச் சொல்ல முடியும்? அது என் நிம்மதியை அளக்கிறது. கேட் இறுக இறுகப் பிள்ளைகளுக்கு நிம்மதி கூடும், வட்டம் இன்னும் பச்சையாகும். உள்ளே சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒருவர் அந்தக் கணக்கில் எங்குமே வரமாட்டார்.

பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் 'நல்லாருக்கு' என்பார்கள் என்று அவர் சொன்னது பொய்யில்லை. தட்டு வைக்கும் ஆளே வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? அதனால்தான் ஆஸ்திரேலியாவில் இல்லத்தைச் சேராத வெளியாட்கள் வந்து ஆண்டுக்கொரு முறை குறைந்தது பத்தில் ஒரு பங்குப் பேரிடம் நேரில் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஊழியர்கள் உங்களை மதிப்பாக நடத்துகிறார்களா, சாப்பாடு பிடிக்கிறதா, அன்றாடம் என்ன செய்வது என்பதில் உங்கள் பேச்சு எடுபடுகிறதா, ஒன்றைச் சொன்னால் கவனிக்கிறார்களா. 'எப்போதும்' முதல் 'ஒருபோதும் இல்லை' வரை நான்கு பதில்கள். 2022 டிசம்பரில் நட்சத்திர மதிப்பீடு வந்தபோது, ஓர் இல்லத்தின் மொத்த மதிப்பில் 33 சதவீதம் இந்தப் பதில்களுக்கு என்று வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எங்கள் இல்லத்தில் சாப்பாட்டுக்குக் குறைந்த மதிப்பு வந்த ஆண்டில் சமையல்காரரை உட்கார வைத்துப் பேசினார்கள், பட்டியல் மாறியது. இந்தியாவில் ஓய்வுக் குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2019இல் மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சாய்வுத்தளம், கைப்பிடி, அவசர மணி பற்றியெல்லாம் அதில் உண்டு. ஆனால் இரண்டு குடியிருப்புகளை ஒப்பிட்டு, எங்கே இருப்பவர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று பார்க்க நம்மிடம் பொதுவான மதிப்பெண் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகளைக் கேட்டேன். 1998இல் வந்தவை, எங்கள் வேலையில் அடிக்கடி புழங்குவது. கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, காலையில் தெளிவாக எழுந்தேனா, என் நாள் எனக்கு ஆர்வமான விஷயங்களால் நிறைந்திருந்ததா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை. மொத்தத்தை நாலால் பெருக்கினால் நூற்றுக்கு மதிப்பெண். அம்மா பென்சில் வாங்கித் தானே போட்டுக்கொண்டார். மூன்று, நான்கு, மூன்று, நான்கு. கடைசிக் கேள்விக்கு வந்ததும் கொஞ்ச நேரம் யோசித்து ஒன்று போட்டார். மொத்தம் பதினைந்து, அதாவது நூற்றுக்கு அறுபது. ஐம்பதுக்குக் கீழே போனால்தான் கவலைப்படச் சொல்வார்கள். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் தேர்ச்சி என்று மூடி வைத்துவிடுவார். அந்த ஒன்றைப் பார்த்து ஏன் என்று கேட்டால்தான் சந்தை வெளியே வரும்.

அறை கூட்ட வரும் அக்காவுக்கு இது எந்தத் தாளும் இல்லாமல் தெரிந்திருந்தது. "டீச்சரம்மா முன்னெல்லாம் காலைல கீரய வெச்சுட்டு நம்மளையும் கூப்புடுவாங்க. இப்ப ஜன்னலோரமே உக்காந்துக்கறாங்க" என்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் செய்து 1976இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சியில் படித்திருக்கிறேன். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையும் உங்கள் நேரமும் உங்கள் பொறுப்பு என்றார்கள். ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள், சினிமா எந்த நாள் பார்ப்பது என்பதும் அவர்கள் விருப்பம். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது நர்ஸ். மூன்றே வாரத்தில் முதல் தளத்துக்காரர்களிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன. அவ்வளவு சின்ன விஷயம், ஒரு செடி. அம்மாவுக்கு அது ஒரு கட்டுக் கீரை.

கிளம்புவதற்கு முன் அம்மாவும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். அம்மாவின் கையெழுத்தில், தேதி, பொருள், பார்வை எல்லாம் போட்டு முறையாக எழுதிய கடிதம். நினைவுக் குறைபாடு உண்டு என்று மருத்துவர் சொல்பவர்களுக்கு மட்டும் துணை ஆள் அனுப்புங்கள், மற்றவர்கள் நோட்டில் எழுதிவிட்டுப் போகிறோம், போன் கையில் இருக்கும் என்பது முதல் கோரிக்கை. மாதாந்திரக் கேள்விகளை எங்களிடமே, இங்கே சம்பளம் வாங்காத ஒருவரை வைத்துக் கேளுங்கள் என்பது இரண்டாவது. கோவையில் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடலாம் என்று யோசனையும் எழுதியிருந்தார்கள். நோட்டுக்கு மேனேஜர் உடனே ஒத்துக்கொண்டார். இப்போது அம்மா வாரம் இரண்டு முறை சந்தைக்குப் போகிறார். கேள்விகளைப் பற்றித் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. வாராவாரம் மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதமும் லிங்க் எனக்குத்தான் வந்தது. நானாக எதையும் நிரப்பவில்லை. வீடியோ அழைப்பில் ஒவ்வொரு கேள்வியாக அம்மாவிடம் படித்துக் காட்டி, அவர் சொன்னதை அப்படியே கருத்துப் பெட்டியில் தட்டி அனுப்பினேன், சாம்பாரில் உப்பு கூட என்பது உட்பட. உங்கள் அம்மாவோ அப்பாவோ இப்படி ஓர் இடத்தில் இருந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். கடைசியாக எப்போது கேட்டைத் தாண்டி வெளியே போனீர்கள் என்றும் கேளுங்கள். கால் வலி என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்.