கல்லோடன் போர்க்களம்: இன்வர்னஸ் போனால் அரைநாள் இதற்கு ஒதுக்குங்கள்

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள இன்வர்னஸ் ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் லாக் நெஸ் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குக் கிழக்கே எட்டு கிலோமீட்டர் தூரத்தில் கல்லோடன் இருக்கிறது. என்னைக் கேட்டால், முதலில் அங்கேதான் போக வேண்டும்.

1746 ஏப்ரல் 16 அன்று இந்தப் பொட்டல்வெளியில்தான் இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் ஜாகோபைட் படை (ஸ்டூவர்ட் வம்சம் இழந்த அரியணையை மீட்கப் போராடியவர்கள்), கம்பர்லாந்து கோமகனின் பிரிட்டிஷ் அரசுப் படையிடம் ஒரு மணி நேரத்துக்குள் நொறுங்கிப்போனது. முந்தைய இரவு கம்பர்லாந்துக்குப் பிறந்தநாள். எதிரிகள் குடித்துக் கிடப்பார்கள் என்று நம்பி ஜாகோபைட்டுகள் நேர்ன் ஊரில் இருந்த அரசுப் படை முகாமை நோக்கி நடந்தார்கள். விடிவதற்குள் போய்ச் சேர முடியாமல் பாதி வழியிலேயே திரும்பினார்கள். பசியும் தூக்கமுமாக நின்றவர்கள்மீதுதான் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன.

அருங்காட்சியகத்தை அமைத்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கம் அரசுத் தரப்பு, எதிர்ப்பக்கம் ஜாகோபைட் தரப்பு; நடுவில் நாம் நடக்கிறோம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த சண்டை என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. கம்பர்லாந்தின் வரிசையில் ராயல் ஸ்காட்ஸ் படைப்பிரிவும் அர்கைல் மிலிஷியா என்ற உள்ளூர் துணைப்படையும் நின்றன; இரண்டுமே ஸ்காட்லாந்துப் படைகள். ஜாகோபைட் பக்கத்தில் பிரெஞ்சு மன்னரின் சேவையில் இருந்த அயர்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். அப்புறம் நான்கு சுவர்களிலும் ஓடும் போர்ப்படம். நாம் நடுவில் நிற்க, இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள். சின்னக் குழந்தைகளை உள்ளே கூட்டிப்போக வேண்டாம்.

வெளியே உள்ள நினைவுச் சுவரை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கல் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கிறது. அரசுப் படைக்குச் சுமார் 50 கற்கள்தான். ஜாகோபைட்டுகளுக்கு வரிசை நீண்டுகொண்டே போகிறது, சுமார் 1,500. கையால் தடவிக்கொண்டே நடந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

களத்தில் சிவப்புக் கொடிகள் அரசு வரிசையையும் நீலக் கொடிகள் ஜாகோபைட் வரிசையையும் காட்டுகின்றன. குலப் பெயர் பொறித்த கற்களெல்லாம் 1881இல் வைத்தவை. ஃபிரேசர் குலக் கல்லைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம். ‘அவுட்லேண்டர்’ தொலைக்காட்சித் தொடர் செய்த வேலை; அதன் நாயகன் ஒரு ஃபிரேசர். ‘கலப்புக் குலங்கள்’ என்று பொறித்த கல்லருகேயும் நில்லுங்கள். எந்தக் குலம் என்று பிரித்தறிய முடியாதவர்கள் அங்கே கிடக்கிறார்கள்.

அந்த ஆண்டு போரோடு முடியவில்லை. தலைக்கு 30,000 பவுண்டு விலை வைத்தும் ஹைலாந்து (ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாடு) மக்கள் இளவரசரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஜூனில் ஃபுளோரா மெக்டொனால்ட் என்ற பெண் அவருக்குப் பணிப்பெண் வேடம் போட்டு ஸ்கை தீவுக்குப் படகில் அழைத்துப் போனார். செப்டம்பரில் இளவரசர் பிரெஞ்சுக் கப்பலேறினார். ஹைலாந்து உடையைத் தடைசெய்யும் சட்டமும் அதே ஆண்டு வந்தது. 1782 வரை நீங்கவில்லை.

களத்தில் நடக்கக் கட்டணம் கிடையாது, அருங்காட்சியகத்துக்கு உண்டு. கொடுக்கிற காசு வீண்போகாது. முதலில் உள்ளே பார்த்துவிட்டுப் பிறகு களத்துக்குப் போங்கள். காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் ஜாக்கெட் வேண்டும்.